கையை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதுமா?

கேள்வி: துறைமுகத்தில் வழுக்கி விழுந்து, 62 வயது அப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டுமாம். முழு மயக்கம் இல்லாமல், கழுத்தெலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களாம். "முழிச்சிக்கிட்டே என் கையை அறுக்கறதைப் பார்க்கணுமா?" என்று அப்பா அடம்பிடிக்கிறார். பல வருடப் பீடிப் பழக்கம், இளைப்பும் உண்டு. என்ன செய்யலாம்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அப்பா எதையும் பார்க்க வேண்டியதில்லை. நடுவே துணி கட்டி மறைத்துவிடுவோம். பயந்தால் லேசாகத் தூக்கம் வர மருந்து கொடுப்போம். புதுச்சேரியில் என் ஆபரேஷன் தியேட்டரில் குறட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

இளைப்புக்காரருக்குத் தொண்டையில் குழாய் விடாமல் முடித்தால் நல்லதுதான். ஆனால் ஊசி போடும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். கழுத்தெலும்புக்கு மேலே போடும் மருந்து, உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சுக்கு உதவும் தசை) இயக்கும் நரம்பையும் தொட்டு, அந்தப் பக்கத்து உதரவிதானத்தைச் சில மணி நேரம் செயலிழக்கச் செய்யலாம். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் அப்பாவுக்கு மூச்சு முட்டலாம். மணிக்கட்டுக்கு அக்குளில் போட்டாலே பெரும்பாலும் போதும். ஸ்கேனில் நரம்பைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தலாம். மயக்க மருந்து டாக்டரிடம் இளைப்பைச் சொல்லி, "அக்குளில் போட முடியுமா?" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

மரத்துப்போக அரை மணி வரை ஆகும். ஸ்பிரிட் பஞ்சை வைத்து, "சில்லுனு இருக்கா?" என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் கத்தி. தொடுவதும் இழுப்பதும் தெரியலாம், வலிக்காது. வலித்தால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். அதனால் வெறும் வயிறு கட்டாயம்: சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். "டீ மட்டும்தான் சார்" என்று வந்து ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் உண்டு.

அப்புறம் அன்றிரவு. மருந்தைப் பொறுத்து கை 12 மணி நேரம்கூட மரத்திருக்கும். கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தூளியில் போட்டே வையுங்கள், சூடான டம்ளர் பக்கம் போக விடாதீர்கள். மரப்பு விட்டதும் வலி மொத்தமாக வரும். அதற்கு முன்பே, விரல் குறுகுறுக்கும்போதே, டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். விரல் நீலமானாலோ, கட்டு இறுகி வீங்கினாலோ, மறுநாளும் மரப்பு விடாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பீடியை இன்றே நிறுத்தச் சொன்னேன் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். மகள் சொன்னால் கேட்கமாட்டார்.