காட்டு ஆட்டு டேக்: குலுக்கலில் நம் பெயர் விழுமா?

போன இதழில், அமெரிக்காவில் தெற்கு நெவாடா மலையில் பிக்ஹார்ன் என்ற காட்டு செம்மறிகள் தண்ணீர் குடிக்க இறங்கி வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: இந்த ஆட்டை வேட்டையாட மாநில அரசு குலுக்கலில் தரும் அனுமதிச் சீட்டுக்காக, அதாவது டேக்குக்காக, ஆயுள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு என்று. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். இந்த இதழ் பகுதியை முழுக்க அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கே: அரிசோனாவில் மூன்று வருடமாக பாலைவன பிக்ஹார்ன் டேக்குக்கு விண்ணப்பம் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் பதில். கூட வேலை பார்ப்பவர் "எல்லாம் அதிர்ஷ்டம், விட்டுத்தள்ளு" என்கிறார். விட்டுவிடட்டுமா?
(ஒரு வாசகர், பீனிக்ஸ்)

ப: விடவே விடாதீர்கள். அதிர்ஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் குலுக்கலில் ஒவ்வொரு வருடமும் உங்கள் சீட்டு கூடிக்கொண்டே போகிறது, அதை உங்கள் நண்பர் கணக்கில் எடுக்கவில்லை.

அரிசோனாவில் டேக் கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு போனஸ் பாயின்ட் சேரும். ஒரு பாயின்ட் என்றால் பெட்டியில் உங்கள் பெயரில் இன்னொரு சீட்டு. மொத்த டேக்கில் 20 சதவீதம் வரை அதிகப் பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு முதலில் போகும், மிச்சத்துக்கு எல்லோரும் போட்டி. இது போக இரண்டு பாயின்ட் சும்மா கிடைக்கிறது, நிறையப் பேர் அதை எடுப்பதே இல்லை. ஒன்று, மாநிலம் நடத்தும் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால் நிரந்தரமாக ஒரு பாயின்ட். இன்னொன்று, ஐந்து வருடம் இடைவெளி இல்லாமல் விண்ணப்பம் போட்டால் விசுவாசத்துக்கு ஒரு பாயின்ட். நீங்கள் மூன்று வருடம் போட்டாயிற்று, இன்னும் இரண்டே வருடம். இப்போது விட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர். வெளிமாநிலத்தவருக்கு அங்கே 10 சதவீதத்துக்கு மேல் டேக் போகாது. என்னைப் போல் வெளியிலிருந்து போடுகிறவர்கள் உங்கள் இடத்துக்கு ஏங்குகிறோம்.

பக்கத்து நெவாடாவில் கணக்கு வேறு. அங்கே பாயின்ட்டை அதே எண்ணால் பெருக்கி, கூட ஒன்று சேர்ப்பார்கள். மூன்று பாயின்ட்டுக்குப் பத்து சீட்டு. பத்து பாயின்ட்டுக்கு 101. பதினைந்துக்கு 226. எனவே நெவாடாவில் இன்று சேருகிறவருக்கும் ஐந்து வருடம் கழித்துச் சேருகிறவருக்கும் இடைவெளி வெறும் ஐந்து சீட்டு அல்ல, அது வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டே போகும். வெளிமாநிலத்தவர் விண்ணப்பம் போட அங்கே முதலில் வேட்டை லைசென்ஸ் வாங்க வேண்டும், அந்தப் பணம் திரும்பி வராது. ஆனாலும் பாலைவன பிக்ஹார்ன் வேறெந்த மாநிலத்தையும்விட நெவாடாவில்தான் அதிகம், ஆகவே டேக்கும் அதிகம். வருடா வருடம் அந்தப் பணத்தைக் கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை.

வயோமிங்கை மட்டும் புதிதாக ஆரம்பிக்கும் வெளிமாநில ஆட்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அங்கே முக்கால்வாசி டேக் மூப்பு வரிசைப்படி போகிறது, அதிகப் பாயின்ட் வைத்திருப்பவருக்கே முதல் உரிமை. வரிசையில் நமக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து வருடமாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு 2022இல் சட்டம் மாற்றி, 90 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கிவிட்டார்கள். பாயின்ட்டுக்கு வருடா வருடம் கட்டும் பணத்தை வேறு எங்காவது போடலாம்.

எங்கே என்றால், ஐடஹோவும் நியூ மெக்சிகோவும். இந்த இரண்டிலும் பாயின்ட் என்ற பேச்சே இல்லை. முப்பது வருடம் போட்டவரும் நேற்று போட்டவரும் ஒன்றுதான். ஆனால் டேக்கின் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்கள். வெளிமாநிலத்தவர் என்றால் ஆயிரக்கணக்கான டாலர் சில மாதம் முடங்கிக் கிடக்கும். ஐடஹோவில் இன்னொரு நிபந்தனை: மூஸ் என்ற பெரிய மான், மலையாடு, பிக்ஹார்ன் மூன்றில் ஒன்றுக்குத்தான் ஒரு வருடத்தில் போடலாம். இந்தக் கெடுபிடியே பாதிப் பேரை விரட்டிவிடுகிறது. நமக்கு அது நல்லதுதான்.

அப்புறம் கடைசித் தேதி. இந்த மாநிலங்களில் மார்ச்சில் ஆரம்பித்து ஜூன் வரை ஒவ்வொன்றாக வரும். ஒரு வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மே மாதம் ஊருக்குப் போனவன், ஆஸ்பத்திரி அலைச்சலில் நெவாடாவின் கடைசித் தேதியைத் தவறவிட்டேன். அந்த ஒரு பாயின்ட் இன்றைக்கும் குறைகிறது. இப்போது ஜனவரியிலேயே சமையலறைக் காலண்டரில் எல்லாத் தேதியையும் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். அந்தத் தேதிகளுக்குப் பத்து நாள் முன்பே என் மனைவி ஞாபகப்படுத்துகிறாள்.

உங்களுக்குப் பத்து வயதில் பிள்ளை இருந்தால் இன்றே அவர்கள் பெயரிலும் ஆரம்பியுங்கள். அரிசோனாவில் அப்பா அம்மாவுக்கு விழும் டேக்கை மைனர் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கே: மொன்டானாவில் மிசூரி பிரேக்ஸ் பகுதிக்குத்தான் போடுகிறேன். பெரிய கொம்புள்ள கிடா அங்கேதான் என்கிறார்கள். சரியான தேர்வுதானே?
(ஒரு வாசகர், டென்வர்)

ப: கொம்புக்குச் சரி, வாய்ப்புக்குத் தவறு. மிசூரி ஆற்றங்கரைச் சரிவுகளில் உலகத்திலேயே பெரிய பிக்ஹார்ன் கிடாக்களில் சில இருக்கின்றன, அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு மாநிலமும் போன வருடம் எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை டேக் கொடுத்தார்கள் என்று பட்டியல் வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வைத்து வகுத்துப் பாருங்கள். ஒரே மாநிலத்துக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் இருக்கிற வித்தியாசம் உங்களைத் தூக்கிவாரிப் போடும்.

வாய்ப்பு நன்றாக இருக்கும் இடங்களுக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும். ரோடு கிடையாது. கொம்பு சிறிது. அல்லது ஆடு குறைவு. ஐடஹோவில் சால்மன் ஆற்றின் மிடில் ஃபோர்க் பள்ளத்தாக்கு அப்படி. நடந்தோ, படகிலோ குதிரையிலோ சிறு விமானத்திலோதான் உள்ளே போக முடியும், அப்புறம் செங்குத்தான ஏற்றம். எனக்குக் கொம்பின் அளவைவிட அந்த மலையில் பத்து நாள் இருப்பதுதான் பெரிது. உங்களுக்கும் அப்படியென்றால் அங்கே போடுங்கள்.

மொன்டானாவிலேயே, யெல்லோஸ்டோனுக்கு வடக்கே அப்சரோகா, பேர்டூத் மலைகளில் சில பகுதிகளுக்கு டேக் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. விண்ணப்பித்தால் கிடைக்கும். ஆனால் ஒரு பகுதியில் இரண்டு மூன்று கிடா விழுந்ததும் 48 மணி நேர அறிவிப்போடு வேட்டைப் பருவத்தை மூடிவிடுவார்கள். கிரிஸ்லி கரடி நடமாடும் உயரமான மலை, நூற்றுக்கு ஒரு சிலர்தான் கிடாவோடு இறங்குவார்கள். குலுக்கலுக்காக உட்கார்ந்திருக்க முடியாதவர்களுக்கு அது ஒரு வழி, உடம்பில் வலு இருந்தால்.

இன்னொன்று, பெட்டை ஆட்டு டேக். நெவாடாவிலும் மொன்டானாவிலும் கூட்டம் பெருகிய சில இடங்களில் கொடுக்கிறார்கள். சுவரில் மாட்டக் கொம்பு வராது என்பதால் போட்டி மிகக் குறைவு. கறிக்கும், ஆட்டைப் படிக்கவும் இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

கே: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கவே முடியாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
(ஒரு வாசகி, டல்லாஸ்)

ப: அவர் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார் அம்மா. விண்ணப்பம் போடவும் பாயின்ட் சேர்க்கவும் துப்பாக்கி தேவையில்லை. தடை இருப்பது துப்பாக்கிக்கு. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். அதிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை இல்லை. லைசென்ஸ் முடிகிற அன்றே விதிவிலக்கும் முடிந்துவிடும், அதில் ஒரு நாள்கூட அசட்டை கூடாது. துப்பாக்கி வாங்குவதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தச் சிக்கலே கிடையாது.

கே: என் அக்கா வீட்டுக்காரர் ஆங்கரேஜில் பல வருடமாக இருக்கிறார். அலாஸ்காவில் வெள்ளை ஆடு வேட்டைக்குக் குலுக்கலே வேண்டாமாமே?
(ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

ப: நீங்கள் கொடுத்து வைத்தவர். அந்த வெள்ளை ஆடு டால் செம்மறி. அலாஸ்காவில் பல இடங்களில் அதற்குக் குலுக்கல் இல்லை. வெளியிலிருந்து வருபவர் லைசென்ஸ் உள்ள வழிகாட்டியோடுதான் போக வேண்டும், அதற்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். ஆனால் அலாஸ்காவில் குடியிருக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் கூட வந்தால் வழிகாட்டி வேண்டாம். அக்கா, அக்கா கணவர், மாமனார், மைத்துனர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவார்கள். சித்தப்பா, தாய்மாமா, அத்தை பிள்ளைகள் வர மாட்டார்கள். ஆனால் இந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். நீங்கள் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை என்றால் அத்தான் கூட வந்தாலும் வழிகாட்டி கட்டாயம்.

போவதற்கு முன் கொம்பைப் படிக்கப் பழகுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கொம்பு ஒரு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது வருட வளையம் எட்டு இருக்க வேண்டும், அல்லது இரண்டு நுனியும் உடைந்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதுதான் சட்டம். குளிரில் வளர்ச்சி நின்று போகிற இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு விழும், அதுதான் வளையம். தொலைநோக்கியில் அதை எண்ணப் பொறுமை வேண்டும். சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது.

கே: பணம் இருந்தால் குறுக்கு வழி உண்டா?
(பெயர் வேண்டாம், சியாட்டில்)

ப: உண்டு, ஏலம். மொன்டானாவின் ஒரு டேக் 2013இல் 4,80,000 டாலருக்குப் போனது. நமக்குத் தோதானது லாட்டரிச் சீட்டுதான். மொன்டானாவில் சூப்பர்டேக் என்ற அந்தச் சீட்டு ஒன்று 5 டாலர், எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். சால்ட் லேக் சிட்டியில் பிப்ரவரியில் நடக்கும் வேட்டைக் கண்காட்சியில் பல மிருகங்களுக்குமாக 200 டேக் குலுக்குகிறார்கள், ஒரு விண்ணப்பம் 5 டாலர், ஆனால் நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அதனாலேயே கூட்டம் குறையும்.

கே: நம் ஊரில் வரையாட்டைக் காப்பாற்றப் பாடுபடுகிறோம். அங்கே நீங்கள் காட்டு ஆட்டைக் கொல்ல வரிசையில் நிற்கிறீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

ப: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வரையாட்டை யாரும் தொடக்கூடாது என்பதில் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்தான், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு அவசியம்.

இங்கே வட அமெரிக்காவில் பிக்ஹார்ன் ஒரு காலத்தில் 25,000க்குக் கீழே போய், இன்று 80,000ஐத் தாண்டியிருக்கிறது. அதற்கு ஆன செலவில் பெரும்பங்கு டேக் பணமும், துப்பாக்கி, தோட்டா மீது வசூலித்து 1937 சட்டப்படி காட்டு விலங்குகளுக்கு ஒதுக்கும் வரியும். பெரும்பாலும் ஒரு மலைக்கு ஒரு சில கிடாவுக்குத்தான் டேக். இந்த ஆட்டை அழிப்பது நிமோனியா. வளர்ப்பு செம்மறியும் வெள்ளாடும் சுமக்கிற கிருமி காட்டு ஆட்டுக்குத் தொற்றினால் கூட்டமே சாகிறது, பிழைத்தவை போடும் குட்டிகளும் வருடக்கணக்கில் சாகின்றன. ஒரே ஒரு கிடா மேய்ச்சல் நிலத்தில் வளர்ப்பு ஆட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் போதும்.

எனக்கு இன்னும் ஒரு பிக்ஹார்ன் டேக்கும் விழவில்லை. ஆனால் கோடை வருவதற்கு முன், நெவாடாவில் தன்னார்வலர்களோடு தண்ணீர்த் தொட்டி பழுதுபார்க்கப் போகிறேன். மழை நீரைப் பிடிக்க மலைச்சரிவில் விரித்திருக்கும் தகடு, அதிலிருந்து தொட்டிகளுக்குக் குழாய், கடைசியில் ஆடு குனிந்து குடிக்க ஒரு சின்னத் தாழ்வான தொட்டி. போன தடவை அதில் பாசியை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓரத்து ஈர மண்ணில் குளம்புத் தடம் கிடந்தது. பெரிய தடம் ஒன்று, அதை ஒட்டி என் கட்டைவிரல் அளவில் இரண்டு குட்டித் தடம். குட்டிகள் அந்த வருடம் பிழைத்திருக்கின்றன என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த தடவை போகும்போது படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.