தூந்திராவும் எண்ணூரும்: கேள்வி பதில்

எண்ணூர் கழிமுகத்தில் பறவை பார்ப்பவன் நான். அங்கே வரும் சின்னப் பறவைகளுக்காகவே, அவை முட்டையிடும் தூந்திராவை, அதாவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத குளிர்நிலத்தை, பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வியாசர்பாடி, பத்தாம் வகுப்பு மாணவி: சார், தூந்திராவில் மழை ரொம்பக் குறைவு என்று படித்தேன். படத்தில் பார்த்தால் எங்கும் தண்ணீராக இருக்கிறதே?

சரியான கேள்வியம்மா. பெரும்பாலான இடங்களில் பனியையும் சேர்த்து ஆண்டுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர்தான். சென்னைக்கு 1,400 அளவில் கிடைக்கிறது. ஆனால் அங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேலே ஓரடி, இரண்டடி, சில இடங்களில் இன்னும் கொஞ்சம் இளகும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை, குளிரில் ஆவியாவதும் குறைவு. அப்படியே தேங்கிவிடுகிறது. மரம் வளராததற்கும் இது ஒரு காரணம்: வேர் ஆழம் போகாது, வளரக் கிடைப்பதும் 50, 60 நாள்தான்.

கொடுங்கையூர்: அவ்வளவு குளிரில் கொசு இருக்குமா?

கூட்டம் கூட்டமாக இருக்கும். தேங்கிய நீர் போதாதா? பனிமான்களே கடி தாங்காமல் காற்றடிக்கும் மேட்டுக்கு ஓடும். ஆனால் அந்தக் கொசுவும் மற்ற பூச்சிகளும் இல்லாவிட்டால் பறவைக் குஞ்சுகளுக்கு இரை இல்லை.

எர்ணாவூர்: அண்ணா, எண்ணூருக்கு உண்மையிலேயே தூந்திராப் பறவை வருகிறதா?

வருகிறது தம்பி. வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான் இரண்டுமே வடதுருவக் கரையோரம் முட்டையிடுபவை. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் தைமிர் பக்கம் கூடு கட்டும். எடை 60 கிராம் அளவுதான். பெண் பறவை தனியாக அடைகாக்கும், ஆண் முன்னதாகவே தெற்கே கிளம்பிவிடும். அதனால் முதலில் வந்து சேர்பவை வளர்ந்த பறவைகள். வயிற்றில் செங்கல் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இளசுகள் அப்புறம்தான் வரும்.

எத்தனை இளசு வரும் என்பதை லெம்மிங் என்ற எலி போன்ற பிராணியும் தீர்மானிக்கிறது. அது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரியும். பெருகிய ஆண்டில் துருவ நரி அதைத் தின்று பிழைக்கும். சரிந்த ஆண்டில் நரி பறவை முட்டைகளைத் தேடிப் போகும். அந்தப் பருவத்தில் தெற்கே வரும் இளம் பறவைகள் குறைந்துவிடும். எண்ணூரில் இளசுகளே கண்ணில் படாவிட்டால், நம் பக்கம் என்ன கெட்டது என்று தேடுவதோடு அங்கே என்ன நடந்தது என்றும் நான் யோசிப்பேன்.

மணலி: இங்கே எண்ணெய் கொட்டியதுபோல அங்கேயும் நடக்குமா?

நடந்தது. 2020 மே மாதம் ரஷ்யாவின் வட சைபீரியாவில் உள்ள நோரில்ஸ்க் நகரில் ஒரு எரிபொருள் தொட்டி சரிந்து, ஏறத்தாழ 20,000 டன் டீசல் மண்ணிலும் ஆற்றிலும் கலந்தது. உறைநிலத்தின் மேல் கட்டிய எதற்கும், அடியில் மண் இளகினால் பிடிமானம் போய்விடும். 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது. உறைநிலத்துக்குள் புதைந்துள்ள கார்பனோ காற்று மண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது இளகினால் நுண்ணுயிர்கள் தின்று கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளிவரும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் நம் கழிமுகம் எண்ணெயில் கறுத்ததைப் பார்த்தவர்களுக்கு, தொலைவில் நடப்பது தொலைவிலேயே நிற்காது என்று விளக்க வேண்டியதில்லை.

காசிமேடு: பனி உருகுவதால்தான் எங்கள் கரை அரிக்கிறதா?

முழுக்க அப்படிச் சொன்னால் தவறு. கடல் மட்டம் உயர்வது உண்மை, கிரீன்லாந்துப் பனி உருகுவதும் அதில் ஒரு பங்கு. ஆனால் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் அரிப்பு தொடங்கியது அதற்கும் வெகு முன்பே. துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததே அதற்கு முக்கியக் காரணம். இரண்டையும் ஒன்றாக்கினால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

தண்டையார்பேட்டை: பறவைகளை எப்போது பார்க்கலாம்?

செப்டம்பர் முதல் மார்ச் வரை, நீர் வற்றிச் சேறு தெரியும் நேரமாக வாருங்கள். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது.