'விட்' என்றொரு ஆங்கில வினைச்சொல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய ஆங்கில பைபிளில் 'வாட்', 'விஸ்ட்' என்று வருகிறதே, என்ன சொற்கள்?

இரண்டும் ஒரே வினைதான். 'விட்' என்றால் அறிதல். 'ஐ வாட்' என்றால் எனக்குத் தெரியும். 'ஐ விஸ்ட்' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மலைக்குப் போன மோசே திரும்பாததால் மக்கள் தவித்து, 'வீ வாட் நாட்' என்கிறார்கள். அவருக்கு என்ன ஆயிற்றோ, தெரியவில்லையே என்று அர்த்தம்.

கேள்வி: நிகழ்காலத்தில் 'ஹீ வாட்' என்று எஸ் சேர்க்காமல் எழுதியது அச்சுப்பிழையா?

இல்லை. 'ஹீ கேன்', 'ஹீ ஷல்' என்பவற்றில் எஸ் வருகிறதா? இவையெல்லாம் ஒரே குடும்பம். வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம். 'வாட்' என்பதன் ஆதிப்பொருள் 'பார்த்திருக்கிறேன்'. பார்த்தாயிற்று, அதனால் தெரியும்! சமஸ்கிருதத்தில் 'அறிகிறேன்' என்று பொருள்படும் 'வேத' என்ற வினைவடிவமும் அச்சு அசலாக இதே வழியில் பிறந்ததுதான். வேதம், வித்யா, லத்தீன் வழி வந்த வீடியோ எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. ஒரு செத்துப்போன சொல்லுக்குள் இவ்வளவு இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: ஆங்கிலப் பத்திரங்களில் 'டு விட்' என்று பார்க்கிறேன்.

அதே வினைதான். 'அதாவது' என்று படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெக்காலே கவிதையில் வரும் 'ஐ விஸ்' இதன் இன்னொரு வடிவமா?

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிக் குறிப்பு எழுதிய அதே மெக்காலேதான். 1842இல் பழைய ரோமைப் பற்றிக் கதைப்பாடல்களும் வெளியிட்டார். இந்த 'ஐ விஸ்' முதலில் 'இவிஸ்' என்று ஒரே சொல்லாக இருந்தது. 'நிச்சயமாக' என்று பொருள். அதைப் பிரித்து எழுதப்போய், 'நான் அறிவேன்' என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக, அப்படியொரு வினைவடிவம் உண்மையில் இருந்ததே இல்லை.

கேள்வி: ஏன் வழக்கொழிந்தது?

அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற இன்னொரு வினை அதன் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஜெர்மனில் ஒரு செய்தியை அறிவதற்கு 'விஸ்ஸன்', ஆளையோ ஊரையோ அறிந்திருப்பதற்கு 'கென்னன்' என்று இன்றும் தனித்தனி வினைகள் உண்டு. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைத் தொலைத்தது பெரிய இழப்பு என்பேன். சாட்சியைக் குறிக்கும் 'விட்னஸ்', 'அறியாமல் செய்த' என்னும் 'அன்விட்டிங்' போன்ற சில சொற்களில்தான் 'விட்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.