மலைச் சிங்க வேட்டையில் மின்னணு அழைப்புக் கருவிகளை அனுமதிக்கலாமா?

பதிவு செய்த விலங்கொலிகளை ஒலித்து விலங்கை வரவழைக்கும் இந்தக் கருவிகளைப் பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதிக்கக் கூடாது என்பதே என் பதில். நான் வேட்டையையே எதிர்ப்பவன் அல்லன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். இலையுதிர் காலத்தில் சுட்ட மானின் இறைச்சியை உறைபெட்டியில் வைத்து அடுத்த கோடை வரை உண்ணும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மலைச் சிங்கம் (பூமா) உள்ளிட்ட காட்டுப் பூனைகளை வேட்டையாடுவதை அடியோடு தடுக்கக் கோரிய 127ஆம் முன்மொழிவு 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தனர். ஆகவே வேட்டை தொடரும். எந்த முறையில் என்பதுதான் கேள்வி. மாநிலத்தின் மேற்கே சில பகுதிகளில் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த மின்னணு அழைப்புக் கருவியை அதே 2024இல் வனவிலங்கு ஆணையம் மாநிலம் முழுவதும் தடை செய்தது. அது சரியான முடிவு என்று நான் கருதுவதற்குக் காரணம், ஒரு ஜூன் மாலையில் நான் நேரில் கண்டது.

எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், கொயோட்டி (ஓநாயை ஒத்த சிறு விலங்கு) வேட்டைக்காகத் தாம் வைத்திருந்த கருவியை எனக்குக் காட்டினார். சாப்பாட்டு அடுக்கு அளவே உள்ள பெட்டி, முன்புறம் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, தனியே ஒரு ரிமோட். ரிமோட்டின் சிறு திரையில் முயலின் அலறல், மான்குட்டியின் அலறல், துணை தேடும் பெண் மலைச் சிங்கத்தின் கூவல் என்று ஒலிகள் வரிசையாக இருந்தன. பெட்டியை நாற்பது அடி தள்ளிப் புதரடியில் வைத்துவிட்டு வந்து, மான்குட்டியின் ஒலியை ஓடவிட்டார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. சரிவிலிருந்து ஒரு பெண்மான் பாய்ந்து வந்தது. நாங்கள் நிற்பதை அது பொருட்படுத்தவே இல்லை. பெட்டிக்கு மிக அருகில் நின்று, முன்காலால் தரையைத் தட்டி, அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் உடனே ஒலியை நிறுத்திவிட்டார். ஒலி நின்ற பிறகும் அந்த மான் புல்லை முகர்ந்தபடி வெகுநேரம் அங்கேயே தேடிக்கொண்டிருந்தது. "குட்டி போடும் மாதத்தில் இதைப் போட்டிருக்கக் கூடாது" என்று அவரே வருந்திச் சொன்னார்.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் சூசன் லிங்கில் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுருதி பொருந்திவிட்டால், மனிதக் குழந்தையின் அழுகைக்கும் கடல்நாய்க் குட்டியின் கத்தலுக்கும்கூடப் பெண்மான்கள் ஓடி வருகின்றன. மலைச் சிங்கம் அதே ஒலிக்கு இரை தேடி வருகிறது; ஆனால் அங்கும் வருவது பெரும்பாலும் ஒரு தாயாக இருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்த விலங்குக்கு இனப்பெருக்கத்துக்கென்று ஒரே பருவம் கிடையாது. கோடையில் சற்று மிகுதியாக ஈன்றாலும், ஆண்டின் எந்த மாதத்திலும் ஈனும். பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகள். அவை ஓராண்டுக்கும் மேலாகத் தாயையே நம்பியிருக்கும். எனவே எந்த நாளில் கணக்கெடுத்தாலும், வளர்ந்த பெண் சிங்கங்களில் பெரும்பாலானவை சினையாகவோ குட்டிகளுடனோ இருக்கும். சிறு குட்டிகளைப் பாறையிடுக்கில் விட்டுவிட்டுத் தனியே இரை தேடப் போகும் தாய், மற்ற எந்தச் சிங்கத்தையும்விட அதிகம் வேட்டையாட வேண்டியது. குட்டியுடன் வரும் பெண்ணைச் சுடுவதைச் சட்டம் தடுக்கிறது; பெட்டியின் ஒலி கேட்டுத் தனியாக வரும் பெண்ணைப் பார்த்து, அதற்குக் குட்டி உண்டா இல்லையா என்று யார் சொல்ல முடியும்?

நாய்களைக் கொண்டு துரத்தும் முறை பார்ப்பதற்கு இதைவிடக் கொடியது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆயினும் மரத்தில் ஏறிவிட்ட சிங்கத்தை வேட்டைக்காரர் கீழே நின்று நிதானமாகப் பார்க்க முடியும். வாலடிக்கு நான்கைந்து அங்குலம் கீழே, நாணயம் அளவு கரும்புள்ளி தெரிந்தால் அது ஆண். இப்படிப் பாலினம் கண்டறிவதைக் கற்றுத் தேர்ச்சிச் சான்று பெற்றவருக்கே கொலராடோ உரிமம் தருகிறது. துரத்திய வழியில் பனியின் மேல் குட்டிகளின் தடம் உண்டா என்றும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். அழைத்துச் சுடுபவருக்கு இந்த அவகாசம் இல்லை. கொயோட்டிக்குக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும், மலைச் சிங்கத்துக்கு ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும் என்பார்கள்; அவ்வளவு மெதுவாக, ஓசையின்றிப் பதுங்கி வரும். கண்ணில் பட்ட பின் கிடைப்பது சில நொடிகள்; அதுவும் முகமும் தோளும்தான் தெரியும்.

வாயால் ஊதும் குழலை அனுமதித்துவிட்டு மின்கருவியை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விலங்கை ஏய்த்து வரவழைப்பது புதிதன்று. மற்ற மான்களைப் பிடிப்பதற்காகக் காட்டும் பழக்கிய மானுக்குத் தமிழில் 'பார்வை' என்ற தனிச் சொல்லே இருக்கிறது. ஆனால் குழல் ஊதுபவர் தாம் இருக்குமிடத்தைத் தாமே காட்டிக்கொடுக்கிறார். பெட்டியோ விலங்கின் கவனத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, வேட்டைக்காரரை மறைத்துவிடுகிறது. பதுங்கி வரும் சிங்கம் தம்மீது பாயாதிருக்க அந்த இடைவெளி தேவை என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. எனினும் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் இரை தின்றுகொண்டிருந்த சிங்கங்களுக்கு ஒலிபெருக்கியில் மனிதப் பேச்சைக் கேட்கச் செய்தபோது பெரும்பாலானவை ஓடிவிட்டன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுந்து நின்று உரக்கப் பேசுவது பெரும்பாலும் பயன்தரும் என்றே தோன்றுகிறது.

வலசைப் பறவைகளுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதியையும் பாருங்கள். பதிவு செய்த ஒலியால் வாத்துகளை அழைப்பது நெடுங்காலமாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. வெண்வாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகி ஆர்க்டிக் புல்வெளிகளையே மேய்ந்து அழித்தபோது, அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே 1999இல் அந்தக் கருவிக்கு விலக்கு அளித்தார்கள். அதாவது, எதைச் சுட்டாலும் சரி, நிறையச் சுட வேண்டும் என்ற நிலைக்குரிய கருவி அது. கொலராடோவில் வளர்ந்த மலைச் சிங்கங்கள் சுமார் நான்காயிரம் என்பது மதிப்பீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 வேட்டையில் சாகின்றன. இங்கே எதைச் சுடுகிறோம் என்பதே முக்கியம். வாஷிங்டன் மாநிலத்தில் வேட்டை மிகுந்த இடங்களில், வயதில் மூத்தவை அழிந்து இளம் ஆண்கள் வந்து நிறைந்ததால், கால்நடை இழப்பும் புகார்களும் குறைவதற்குப் பதிலாகக் கூடின என்று அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஓரிடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். ஒரு பட்டியில் மீண்டும் மீண்டும் ஆடுகளைக் கொல்லும் சிங்கத்தைப் பிடிக்க, அதன் தடத்தையும் நடமாட்டத்தையும் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருக்கும் வனவிலங்குத் துறை அலுவலர் இந்தக் கருவியைப் பயன்படுத்தட்டும். எந்தச் சிங்கத்தைத் தேடி வந்தோம் என்பது அவருக்குத் தெரியும்.