ஷூல்டூட்டே கூம்பு பிரிகிறது என்ற கேள்விக்கு

வணக்கம் சகோதரி. ஜெர்மனியில் பள்ளி முதல் நாளில் பிள்ளைக்கு இனிப்பும் பரிசும் நிரப்பிக் கொடுக்கும் அட்டைக் கூம்புதான் ஷூல்டூட்டே; நீங்கள் செய்ததில் இணைப்பு பிரிகிறது, முனை மடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். திரவப் பசைதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். அது காய்வதற்குள் அட்டை தன் இயல்புக்கு நிமிர்ந்து இணைப்பை இழுத்துவிடும். அகலமான இருபக்க ஒட்டுநாடா அல்லது சூட்டுப் பசை போடுங்கள்.

அட்டை சதுர மீட்டருக்கு 300 கிராம் தடிமன் வகை, தாளின் அளவு 70×100 செ.மீ. குட்டைப் பக்கத்தின் நடுவில் நூலைப் பிடித்து 70 செ.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். வில்லின் இரு முனைகளுக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரமும் 70 செ.மீ. இருக்கட்டும்; கோணமானி தேவையில்லை, 60 பாகை தானாக வந்துவிடும். 3 செ.மீ. மேல்படிய ஒட்டினால் வாய் ஏறக்குறைய 22 செ.மீ. விட்டம். (கிழக்கு ஜெர்மனியில் 85 செ.மீ. அறுகோணக் கூம்புதான் வழக்கம், அதற்கு இந்த அளவு பொருந்தாது.)

ஒட்டுவதற்கு முன் அட்டையை மேசை விளிம்பில் இழுத்து வளைத்துப் பழக்குங்கள். இதைத் தவிர்த்தால் மடிப்புக் கோடு விழும். முனையிலிருந்து தொடங்கி வாய் நோக்கி ஒட்டுங்கள். உள்ளே நீள அளவுகோலை வைத்து அழுத்துங்கள், வாயில் துணிக் கிளிப்.

முனைக்குள் 10 செ.மீ. உயரத்துக்குக் கசக்கிய தாளைத் திணியுங்கள். வெறுமையாக விட்டால் தரையில் ஊன்றியதும் நசுங்கும்.

வாயை மூடிக் கட்ட கிரேப் தாள் (சுருக்கங்கள் உள்ள மெல்லிய தாள்), 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம். உள்பக்கமாக ஒட்டுங்கள். பரிசுகளை நிரப்பி, பிள்ளை தூக்கிப் பார்த்த பிறகே ரிப்பன் கட்டுங்கள். பாரம் கூடினால் உள்ளே வைத்ததில் சிலவற்றை எடுக்க வேண்டி வரும்.