ஆல்கலைன் தண்ணீர், பைகார்பனேட் மாத்திரைக்கு மாற்றாகுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. நீண்ட காலச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கிரியாட்டினின் 2.4 இருக்கிறது. இரத்தத்தில் பைகார்பனேட் 17 என்று வந்ததால், 500 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட் மாத்திரையை மூன்று வேளையும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தண்ணீருக்குக் காரத்தன்மை தரும் ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கினால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: அந்த இயந்திரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும், அளவில் அவற்றுக்கிடையே ஒப்பீடே இல்லை.

நம் இரத்தத்தின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். உணவின் புரதம் சிதையும்போது கந்தக அமிலம் போன்றவை உண்டாகின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமோல் (வேதிப்பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) என்ற கணக்கில் இவை சேர்கின்றன. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் இந்த அமிலத்தை உடனுக்குடன் ஏற்றுக் கரியமில வாயுவாக மாற்ற, நுரையீரல் அதை மூச்சில் வெளியேற்றிவிடுகிறது. ஆனால் செலவான பைகார்பனேட்டை நுரையீரலால் ஈடுகட்ட முடியாது. அது சிறுநீரகத்தின் பொறுப்பு. வடிகட்டிய பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டெடுப்பதோடு, அமிலத்தை அம்மோனியமாகச் சிறுநீரில் வெளியேற்றி, அதற்கு ஈடான புதிய பைகார்பனேட்டையும் சிறுநீரகமே உருவாக்குகிறது. உங்கள் அப்பாவுக்குக் குறைந்திருப்பது இந்தத் திறன்தான். இயல்பாக லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பைகார்பனேட் 17-க்கு இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால், உடல் அந்த அமிலத்தை ஈடுகட்ட எலும்பிலிருந்து காரத்தை எடுக்கும், தசையும் கரையும். அதனால் அந்த மாத்திரையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 6 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. பிஎச் 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில், அந்த எண் குறிக்கும் ஹைட்ராக்சைடு என்ற காரம் வெறும் 0.01 மில்லிமோல். ஒரு மாத்திரைக்கு ஈடாக 600 லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் இதைவிடக் கூடுதலான காரத்தைத் தரக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீருக்குத் தண்ணீர் மாறுவதால், பிஎச் எண்ணை மட்டும் வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. விளம்பரங்கள் பிஎச் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டி, காரத்தின் அளவைச் சொல்லாமல் விடுவது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மாத்திரையும் சமையல் சோடாவும் ஒரே பொருள்தானே என்று வீட்டிலேயே கரண்டியால் அளந்து கொடுப்பதும் ஆபத்து. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் காரம் கூடிவிடும். அதிலுள்ள சோடியம் கால் வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் அதிகப்படுத்தலாம். காரத்தன்மை தரும் என்று நம்பிப் பழச்சாறுகளையும் இளநீரையும் தாராளமாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். தண்ணீரையும் மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, பைகார்பனேட்டுடன் பொட்டாசியத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்பா சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இன்றைய சிறுநீரகச் செயல்பாட்டுக்கு அதைத் தொடரலாமா என்று அவசியம் கேளுங்கள். செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு அது உடலில் லாக்டிக் அமிலம் சேர வழிவகுக்கலாம். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினாலோ, தொடர்ந்து வாந்தி, குழப்பம், மிகுந்த சோர்வு இருந்தாலோ, உடல் அமிலத்தைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருளாகலாம். காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.