இறந்த நோயாளியின் கோப்பை மீண்டும் ஏன் திறக்கிறோம்?

திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பொது மருத்துவ நிபுணர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (உப்புவெளி, மருத்துவ மாணவியின் தந்தை): நோயாளி இறந்த பிறகு வைத்தியர்கள் கூடிப் பேசி என்ன பயன்?

பதில்: அடுத்து அதே கட்டிலுக்கு வருபவருக்குப் பயன் உண்டு. பொஸ்டன் வைத்தியர் றிச்சர்ட் கபொட் 1912இல் 3000 பிரேத பரிசோதனைகளின் முடிவுகளை, அந்த நோயாளிகள் உயிரோடிருந்தபோது எழுதப்பட்ட நோயறிதலோடு ஒப்பிட்டு வெளியிட்டார். சில நோய்களில் பாதிகூடச் சரியாகக் கண்டறியப்பட்டிருக்கவில்லை. உங்கள் மகள் இதை இப்போதே அறிவது நல்லது.

கேள்வி (கிண்ணியா, உள்ளகப் பயிற்சி வைத்தியர்): நீரிழிவுள்ள விவசாயி ஒருவர் மெலியோய்டோசிஸால் (மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று) இறந்தார். அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

பதில்: நோயின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். காய்ச்சலோடு வந்த அன்று என்ன தெரிந்ததோ அதை மட்டும் சொல்லி நிறுத்துங்கள், சபை யோசிக்கட்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், காசநோய் என்றுதான் பலரும் சொல்வார்கள். மாரி மழை, நெல்வயல், நீரிழிவு மூன்றையும் யார் சேர்த்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஆய்வுகூடத்தினரை அவசியம் அழையுங்கள்: இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் இந்தக் கிருமி சூடோமொனாஸ் என்னும் வேறொரு கிருமி என்றோ வெளியிலிருந்து கலந்தது என்றோ ஒதுக்கப்படுவதுண்டு. பிறகு சிகிச்சைக்கு வாருங்கள். கிருமியைக் கொல்லும் செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்து நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் ஏற்றப்பட்டதா? அதன்பின் கோ-டிரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதமாவது தேவை. அதை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம் என்று அந்த மனிதருக்குத் தமிழில் விளக்கியவர் உண்டா? நான் அதிக நேரம் ஒதுக்குவது இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான்.

கேள்வி (மூதூர், தாதி): கூட்டம் முடியும்போது பழி எங்கள் தலையில்தானே விழுகிறது?

பதில்: அப்படி முடிந்தால் அது கூட்டமல்ல, விசாரணை. அடுத்த முறை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இளையவர்களும் தாதியரும் முதலில் பேச வேண்டும், நிபுணர் கடைசியில். அவர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. நேரவரிசையை எழுதிப் பாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை நோயாளிகளும் களப்பைப் படகில்தான் கடந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு எந்தத் தாதி பொறுப்பு? இன்று கேட்க வேண்டியது, நோயாளியை அனுப்புமுன் தொலைபேசியில் அறிவித்தார்களா என்பது.

கேள்வி (நிலாவெளி): இறந்தவரின் உறவினர் இந்தக் கூட்டத்தில் அமரலாமா?

பதில்: வழக்கமில்லை. ஆனால் நடந்ததை அவர்களிடம் நேர்மையாகச் சொல்வது தனிக்கடமை. கூட்டம் அதற்கு ஈடாகாது.

கேள்வி (தம்பலகாமம், மருத்துவ மாணவர்): பிழைத்தவர்களைப் பற்றியும் பேசலாமா?

பதில்: கட்டாயம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷ எதிர்ப்பு மருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வருகிறது; அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி அருகிலேயே தயாராக இருந்ததால் தப்பினார் என்று வையுங்கள். அதை யார் எடுத்துவைத்தார், எந்த வழக்கத்தின்படி என்று கேட்டு, மற்ற விடுதிகளுக்கும் எழுதி அனுப்புங்கள்.